வீடுதோறும் ஒரு செவி

சென்ற திங்கள் நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து, சிறுவர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஏழாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "மாமா, வேற்று உலகங்களில் அறிவுள்ளவர்கள் இருக்கிறார்களா என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்களாமே, அந்தத் தேடலில் நம்மைப் போன்றவர்களும் சேர்ந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டான். அருகில் நின்ற அவன் தந்தையார், "முதலில் கணக்குப் பாடத்தில் தொலைந்துபோன மதிப்பெண்களைத் தேடு, பிறகு வானத்தில் தேடலாம்" என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். பையன் முகம் வாடிவிட்டது. அடுத்த இதழில் இப்பகுதியில் விடை எழுதுவதாக அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த வாக்கை இன்று நிறைவேற்றுகின்றேன்.

முடியும் என்பதே விடை. முடிந்தது என்பதும் உண்மை. உலகெங்கும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள், தத்தம் வீட்டிலிருந்தபடியே இத்தேடலில் பங்கு கொண்டனர். அவர்களுள் இதை எழுதும் குமாஸ்தாவும் ஒருவன்.

இந்த முயற்சியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1959ஆம் ஆண்டில் கொக்கோனி, மாரிசன் என்னும் இரு பௌதிக அறிஞர்கள் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் ஒரு சிறு கட்டுரை வரைந்தனர். விண்மீன்களுக்கு இடையே உள்ள தொலைவு, ஊர்தி ஏறிக் கடக்கக் கூடியதன்று. வானொலி அலையோ ஒளியின் விரைவில் செல்லும். ஆதலின் தொலைவில் அறிவுடையோர் இருந்து நமக்குச் செய்தி விடுக்க விரும்பினால், வானொலி வழியாகவே விடுப்பர் என்று அவர்கள் கருதினர். எந்த அலைவரிசையில் விடுப்பர்? அண்டமெங்கும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயல்பாகவே மெல்லிய அலையை வெளியிடுகின்றது. வானத்தை ஆராயும் எவ்வுலகத்தாரும் அதனை அறிந்திருப்பர். அயலூரில் ஒருவரையொருவர் தவறவிட்ட இருவர், "எல்லாரும் அறிந்த மணிக்கூண்டின் கீழ் நிற்போம்" என்று தனித்தனியே எண்ணுவது போன்றது இது.

அடுத்த ஆண்டே, 1960 ஏப்ரலில், பிராங்க் டிரேக் என்னும் இளம் விஞ்ஞானி அமெரிக்காவில் கிரீன் பாங்க் என்னும் இடத்திலிருந்த 26 மீட்டர் குறுக்களவுள்ள வானொலித் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களின்பால் திருப்பி வைத்துக் கேட்டார். சூலைத் திங்கள் வரை கேட்டும் செய்தி ஒன்றும் வரவில்லை. எனினும் தேடல் நின்றுவிடவில்லை. அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனமாகிய நாசா, 1992 அக்டோபர் 12ஆம் நாள் பெரிய அளவில் ஒரு தேடலைத் தொடங்கிற்று. ஆனால் அடுத்த ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் அதற்குரிய பணத்தை நிறுத்திவிட்டது. அரசு கைவிட்ட பணி, பொதுமக்களின் நன்கொடையாலும் சில விஞ்ஞானிகளின் விடாமுயற்சியாலும் உயிர் தரித்து நின்றது.

அந்நிலையில் டேவிட் கெடி என்னும் கணிப்பொறி வல்லுநருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வானிலிருந்து வரும் அலைகளைப் பதிவு செய்வது எளிது. அவற்றை ஆராய்வதே கடினம். அதற்கு மிகப் பெரிய கணிப்பொறி வேண்டும். அதை வாங்கப் பொருள் இல்லை. ஆனால் உலகில் கோடிக்கணக்கான வீடுகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறிகள் நாளில் பெரும்பகுதி வெறுமனே விழித்திருக்கின்றன. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி அவற்றிடம் பகிர்ந்தளித்தால் என்ன? இவ்வெண்ணத்தைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன், டேன் வெர்த்திமர் ஆகியோர் செயலாக்கினர். 'ஸெட்டி அட் ஹோம்' என்னும் பெயரில் அத்திட்டம் 1999 மே 17ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஓராண்டிற்குள் 20 இலட்சம் பேர் சேர்ந்தனர்.

வேலை நடந்த முறையை நம் இல்லத்தரசிகளும் சிறுவர்களும் விளங்கிக்கொள்ளும்படி சொல்லுகின்றேன்.

கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு உண்டு. அங்கே அரிசிபோ என்னும் ஊரினருகே, மலைகளுக்கு நடுவே இயற்கையாய் அமைந்த பள்ளத்தில், 305 மீட்டர் குறுக்களவுள்ள கிண்ணம் ஒன்றை 1963இல் அமைத்திருந்தனர். அதுவே ஒரு வானொலித் தொலைநோக்கி. பிற வானியலார் தத்தம் ஆராய்ச்சிக்காக அதைப் பயன்படுத்துகையில், இத்திட்டத்தார் தம் கருவியையும் அதனுடன் ஒட்டி வைத்தனர். சரக்கு வண்டியின் கடைசியில் ஒரு பெட்டியை இணைத்துவிட்டு, வண்டி போகுமிடமெல்லாம் அதையும் அனுப்புவது போன்ற ஏற்பாடு. வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அத்தொலைநோக்கியின் பார்வைக்கு எட்டிய வானம் முழுவதிலும், அதாவது வானத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், அவர்களுடைய செவியும் படிந்துவிட்டது.

அங்கே பதிவான அலைகள் முதலில் காந்த நாடாக்களில் ஏறி, அஞ்சல் வழியாகப் பெர்க்லி நகருக்குச் சென்றன. அங்கே 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை 256 கீற்றுகளாக அரிந்தனர். ஒவ்வொரு கீற்றையும் 107 நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கினர். அத்துண்டு ஒவ்வொன்றும் இணையத்தின் வழியே ஒரு வீட்டுக்குச் சென்றது. உரியவர் கணிப்பொறியைப் பயன்படுத்தாத வேளையில் அது அத்துண்டை ஆராயும். அக்காலத்துக் கணிப்பொறிக்கு ஒரு துண்டை முடிக்கப் பல மணி நேரம் பிடித்தது. முடித்தபின் விடையைத் திருப்பியனுப்பி, அடுத்த துண்டைப் பெற்றுக்கொள்ளும்.

ஆராய்வது என்றால் என்ன? இரு சோதனைகளை மட்டும் கூறுகின்றேன்.

இரயில் நிலையத்தில் நின்றவர் அறிவர்: இன்ஜின் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வருகையில் ஊதலின் சுருதி உயர்ந்திருக்கும், நம்மைக் கடந்ததும் சட்டெனத் தாழும். டாப்ளர் என்னும் அறிஞர் கூறிய இவ்விதியை மெய்ப்பிக்க, 1845இல் ஹாலந்து நாட்டில், பைஸ் பாலட் என்னும் விஞ்ஞானி ஊதுகொம்புக் கலைஞர்களை இரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் செய்து, சுரஞானம் உள்ள இசைவாணர்களைப் பாதையோரம் நிறுத்திக் கேட்கச் செய்தார். வானிலிருந்து வரும் குரலுக்கும் இதே விதி உண்டு. பூமி சுழல்கின்றது, செய்தி விடுப்போரின் உலகமும் சுழலக்கூடும். ஆகவே அவர்களுடைய அலையின் சுருதி சிறிது சிறிதாக நழுவும். எவ்வளவு நழுவும் என்று நமக்குத் தெரியாதாகையால், வீட்டுக் கணிப்பொறி பல்லாயிரம் வகையான நழுவல்களை ஒவ்வொன்றாகக் கருதிப் பார்த்தது.

இரண்டாவது சோதனை, இன்னும் எளியது. தொலைநோக்கி ஓரிடத்தில் நிலைத்திருக்க, பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் அதன் பார்வையைக் கடந்து செல்லும். கடக்க ஏறத்தாழ 12 நொடி ஆகும். ஆதலின் உண்மையாகவே விண்மீனிலிருந்து வரும் குரல், அந்த 12 நொடிக்குள் மெல்ல எழுந்து, உச்சமடைந்து, மெல்லத் தணிய வேண்டும். அவ்வாறின்றி ஒரே அளவில் ஒலித்தால், அது நம் பூமியின் இரைச்சலே; ரேடார், செயற்கைக்கோள் போன்ற ஏதோ ஒன்றன் சத்தமே.

நான் இரயில்வேயில் சேர்ந்த மறு ஆண்டு, 2013இல், நண்பர் ஒருவரிடம் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி இத்திட்டத்தில் சேர்ந்தேன். மெட்ரிக் தேறியவனுக்கு வானியலில் என்ன வேலை என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இரவுப் பணிக்குச் செல்லும்போது அதை ஓடவிட்டுச் செல்வேன். அதன் திரையில் வண்ணக் கோடுகள் மலைத்தொடர் போல் எழுந்து விழும். என் அன்னையார், "ஆளில்லாத அறையில் எதற்கு இது எரிகிறது?" என்று மின்சாரச் சீட்டைக் காட்டிக் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆயினும் காலையில் திரும்பி வந்து, நான் இல்லாதபோது என் அறை வானத்தின் ஒரு துண்டைக் கேட்டு முடித்திருக்கிறது என்று காணும்போது, சொந்த ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் வாழ்பவனுக்கு உண்டாகும் நிறைவை எப்படிச் சொல்லுவேன்!

ஆனால் இத்திட்டத்தில் எனக்கு மறக்கவொண்ணாத பாடமாக அமைந்தது வேறொன்று. எத்தனை துண்டுகளை முடித்தோம் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓர் எண்ணிக்கை இருந்தது. பரிசு இல்லை, பணம் இல்லை, வெறும் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ள, சிலர் நிரலைத் திருத்தி, முழுதும் ஆராயாமலே 'ஒன்றுமில்லை' என்பது போன்ற விடைகளை அனுப்பத் தலைப்பட்டனர். இதற்கு மாற்றாகத் திட்டத்தார், ஒவ்வொரு துண்டையும் ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல், ஒருவரையொருவர் அறியாத இருவருக்காவது அனுப்பி, இருவர் விடையும் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்றுக்கொண்டனர்.

இதை முதன்முதல் படித்தபோது, அந்தப் பொய்யரை எண்ணி ஏளனமாகச் சிரித்தேன். அச்சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

2016ஆம் ஆண்டுக் கோடையில் நம் சங்கத்தார் அனைவரும் கலங்கிய நிகழ்ச்சி ஒன்றைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்குப் புறப்பட்ட பெரியவர் ஒருவர், வழியில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் வண்டியில் மீண்டும் ஏறவில்லை. கையில் தொலைபேசி இல்லை, காதும் மந்தம், தமிழன்றி வேறு மொழி அறியார். செய்தி கேட்ட அன்றே நம்மவர்கள் கூடி, வழியிலுள்ள ஏழு நிலையங்களையும் ஆளுக்கொன்றாய்ப் பகிர்ந்துகொண்டனர். எனக்கு அப்போது பணி வாய்த்திருந்த நிலையம் அவ்வேழில் ஒன்று. ஆதலின் அது என் பங்காயிற்று.

அன்று நான் பன்னிரண்டு மணி நேரம் பணி முடித்துக் களைத்திருந்தேன். முதல் இரண்டு பிளாட்பாரங்களைப் பார்த்தேன். விசாரணை அறையில் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தேன். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியால் என்ன பயன் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. மேம்பாலம் ஏறி மறுபுறம் செல்ல வேண்டியதுதான் எஞ்சியிருந்தது. செல்லவில்லை. "இங்கே இல்லை" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உறங்கினேன்.

என் சொல்லை நம்பி, தேடுவோர் அந்த நிலையத்தைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டனர். மற்ற ஆறு நிலையங்களிலும் அன்றும் மறுநாளும் அலைந்தனர். மூன்றாம் நாட்காலை, என் நிலையத்தின் கடைசிப் பிளாட்பாரத்தில், பார்சல் மூட்டைகளின் மறைவில், காய்ச்சலோடு சுருண்டு கிடந்த பெரியவரைத் துப்புரவுப் பணி செய்யும் பெண்மணி ஒருவர் கண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்து, நிலைய அதிகாரியிடம் அழைத்து வந்தார். பெரியவர் பிழைத்தார். சங்கத்துக் கூட்டத்தில் தேடியோர் அனைவருக்கும் நன்றி கூறினர். என் பெயரையும் சேர்த்தே கூறினர். நானும் எழுந்து நின்று கைகூப்பினேன்.

ஒரு திங்கள் கழித்துப் பெரியவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு எட்டு வந்து பாத்திருந்தா, ஒரு வாய் காப்பியாவது கெடச்சிருக்குமேய்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று என்னோடு அலைந்தவர்களிடம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததை இன்று இப்பக்கத்தில் சொல்லுகின்றேன். அவர்கள் என்னைப் பொறுத்தருள்க.

'இல்லை' என்பதும் ஒரு விடை. தேடலில் பெரும்பாலோர் கைக்குக் கிட்டும் விடை அதுவே. ஆனால் பாராமல் சொன்ன 'இல்லை', தேடாமல் இருப்பதைக் காட்டிலும் தீயது. ஏனெனில் பிறர் தேடுவதையும் அது நிறுத்திவிடுகின்றது. நேர்மையாகத் தேடிச் சொன்ன 'இல்லை', அடுத்தவர் தேட வேண்டிய இடத்தைச் சிறிதாக்குகின்றது. இந்த வேற்றுமையை நான் உணர்ந்தது அந்தக் கடைசிப் பிளாட்பாரத்தில்.

இனித் திட்டத்தின் முடிவுக்கு வருவோம். 2020 மார்ச்சு 31ஆம் நாளோடு வீடுகளுக்குத் துண்டுகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் அரிசிபோத் தொலைநோக்கியே சரிந்து வீழ்ந்தது. கம்பிவடங்கள் அறுந்து, மேலே தொங்கிய பெருமேடை கிண்ணத்தின் மீது விழுந்தது. எனினும் திரட்டியவை வீணாகவில்லை. வீட்டுக் கணிப்பொறிகள் ஐயத்துக்குரியவை என்று குறித்தனுப்பிய அலைகள் ஏறத்தாழ 1,200 கோடி. ஜெர்மனியிலுள்ள பெரிய கணிப்பொறி ஒன்றன் துணையுடன் அவற்றைச் சலித்தனர். பூமியின் இரைச்சலை நீக்கினர். வானின் ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்தில் மீண்டும் தோன்றியவை எவை என்று பார்த்தனர். முடிவில் சுமார் 100 மட்டும் எஞ்சின. சீனாவிலுள்ள 500 மீட்டர் குறுக்களவுள்ள 'பாஸ்ட்' என்னும் தொலைநோக்கி கொண்டு அவ்விடங்களை மீண்டும் நோக்கும் பணி 2025இல் தொடங்கிற்று. வேற்றுலகத்தார் விடுத்த செய்தி என்று உறுதிப்பட்டது இன்றுவரை ஒன்றும் இல்லை.

இதில் விஞ்ஞானிகள் செய்த ஒரு காரியம் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. தங்கள் சலிப்பு முறை சரியாக வேலை செய்கின்றதா என்று அறிய, செயற்கையான குரல்களைத் தாங்களே பதிவுகளுக்கிடையே கலந்து வைத்தனர். அவை அகப்படுகின்றனவா என்று சோதித்தனர். முன்னறிவிப்பின்றி வரும் தணிக்கையாளரைத் தமக்குத் தாமே அமர்த்திக்கொண்டது போன்றது இது. அதனால்தான், "இவ்வளவு ஆற்றலுள்ள குரல் இந்தப் பகுதியில் ஒலித்திருந்தால் எமக்குக் கேட்டிருக்கும்" என்று அளவு வைத்து அவர்களால் கூற முடிகின்றது.

அப்படியானால் 50 இலட்சம் பேர் உழைத்துக் கண்டதென்ன என்று கேட்கலாம். இத்திட்டத்திற்காக உருவாக்கிய பகிர்வு முறையைப் பெர்க்லியார் 'பாயின்க்' என்னும் பெயரில் எல்லா விஞ்ஞானிகளுக்கும் இலவசமாக வழங்கினர். அதைக் கொண்டு நடந்த 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்னும் திட்டத்தில், 2010ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துத் தம்பதியர் ஒருவர் வீட்டுக் கணிப்பொறியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தார் ஒருவர் கணிப்பொறியும் சேர்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் புதிய துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தன. அதே அரிசிபோக் கிண்ணத்தில் விழுந்த அலைகளிலிருந்துதான். அங்கும் ஒரு வீட்டின் விடையை மற்றொரு வீடு உறுதி செய்தது என்பதை நோக்குக.

இன்று சேர விரும்பும் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 'ஜூனிவர்ஸ்' என்னும் இணையத் தளத்தில், மனிதக் கண் கொண்டு பார்த்து வகைப்படுத்த வேண்டிய விண்படங்களைப் பொதுமக்களுக்கு வழங்குகின்றனர். வேற்றுலகச் செய்தியைத் தேடும் திட்டம் ஒன்றும் 2023இல் அங்கே தொடங்கப்பட்டது. திரையில் தோன்றும் அலைக்கோடு எவ்வகை இரைச்சல் என்று பிரித்துச் சொல்லுவதே அதில் பொதுமக்களுக்கு இட்ட வேலை. நம் நாட்டிலும், புனே நகரின் வடக்கே கோடட் என்னும் சிற்றூரை நடுவாகக் கொண்டு, 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களுடன் பெரிய வானொலித் தொலைநோக்கி அமைந்துள்ளது. அதன் பதிவுகளைப் பயன்படுத்தி, மாணவரும் பொதுமக்களும் விந்தையான விண்மீன் மண்டலங்களைத் தேடும் 'ராட் அட் ஹோம்' என்னும் திட்டம் 2013இல் தொடங்கிற்று. அது தேடுவது வேற்றுலகத்தாரை அன்று. எனினும் பழகும் கைக்கு நல்ல பள்ளி.

அந்த ஏழாம் வகுப்பு மாணவனுக்கு இறுதியாக ஒரு சொல். தம்பி, நீ தாராளமாகச் சேரலாம். உன் தந்தையார் சொன்ன கணக்கையும் விட்டுவிடாதே. அந்த 256 கீற்றுகளையும் 107 நொடிகளையும் கணக்கறிந்தவர்களே வகுத்தனர். உனக்குக் கிடைக்கும் துண்டில் ஒன்றும் இராது; அநேகமாக இராது. அதனால் சோர்ந்துவிடாதே. ஆனால் முழுதும் பார்க்கும்வரை 'இல்லை' என்று எழுதாதே. மேம்பாலத்துக்கு அப்புறமும் ஒரு பிளாட்பாரம் உண்டு. கால் வலித்தாலும் அங்கும் சென்று பார்த்துவிட்டு வந்து எழுது.

அடுத்த திங்கள், நம் பகுதிக் கிணற்று நீர் ஏன் உவர்க்கிறது என்று நேயர் ஒருவர் கேட்டதற்கு விடை காண்போம்.